ஏனென்று கேட்கும் தாய்க்கு விடை எங்கே?

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றி எழுதாத ஏடில்லை. அதன்மேல் கண் வைக்காத வல்லரசுமில்லை. அத்துறையைச் சூழ்ந்த ஊர்களில் பச்சிளங் குழவியை இடுப்பில் ஏந்திச் சுகாதார நிலையத்துக்கு நடக்கும் தாய்மாரைப் பற்றி எழுதத்தான் எவருக்கும் நேரமில்லை. இவ்வாரம் நாம் அவர்களைப் பற்றியே எழுத விழைகின்றோம்.

அவர்களுக்குரிய பெருமையை முதலிற் கொடுத்துவிடுவோம். இந்நாட்டில் தடுப்பூசித் திட்டம் 1978 இல் விரிவாக்கப்பட்டது. 1993 இன் பின் இளம்பிள்ளை வாதம் இங்கு எக்குழந்தையையும் முடக்கவில்லை. போர் நடந்த காலத்திலும், சொட்டு மருந்துக்கென்றே இரு தரப்பும் துப்பாக்கியைத் தாழ்த்திய நாட்கள் இருந்தன. 2006 இல் சம்பூரை விட்டு ஓடிய தாய்மார் ஏறத்தாழப் பத்தாண்டு கழிந்தே மண் திரும்பினர். அகதி வாழ்வில் ஊசித் தேதியை நினைவில் வைத்திருப்பது எத்துணை அரிதென்பதை மேசையிலிருந்து எழுதுவோர் அறியார்.

ஆயினும் ஒரு வினா. ஊசி போட்டாயிற்றா என்றால் தாய் ஆம் என்பாள். எந்நோய்க்கு என்றாலோ, "மிஸ் சொன்னாங்க, போட்டம்" என்பதே பெரும்பாலும் விடை. இரண்டாம், நான்காம், ஆறாம் மாதங்களிற் போடும் ஊசியொன்று தொண்டைக்கரப்பன், குக்கல், ஏற்புவலி, ஒருவகை ஈரலழற்சி, மூளைக்காய்ச்சலையும் நியுமோனியாவையும் விளைக்கும் ஒரு கிருமி ஆகிய ஐந்தையும் தடுப்பதென்று அவளுக்கு எவர் உரைத்தார்? ஒன்பதாம் மாதத்திற் போட்ட சின்னமுத்து ஊசி எல்லாப் பிள்ளைகளிலும் பற்றுவதில்லை. ஆதலாலேயே மூன்றாம் வயதில் மீண்டும் போடுகின்றனர். இக்காரணம் அறியாத தாய், துள்ளி ஓடும் பிள்ளைக்கு இனி ஊசி எதற்கென்று அறுவடை நாளில் ஒத்திவைத்தால், குற்றம் அவளுடையதன்று.

நம்பிக்கை மட்டும் போதாதோ என்பர் சிலர். 2008 இல் நிகழ்ந்ததை அவர்கள் மறந்தனர் போலும். மேற்சொன்ன ஐந்நோய் ஊசி அவ்வாண்டுதான் வந்தது. ஊசியின் பின் சில குழந்தைகள் இறந்ததாக அறிவிக்கப்பட்டதும் சில மாதங்களிலேயே நிறுத்தப்பட்டது. நிபுணர் ஆய்வுக்குப் பின் 2010 இல் மீண்டும் வந்தது. அத்தகைய நாளில், காரணம் அறிந்தவள் கேள்வி கேட்பாள். அறியாதவள் வீட்டிலிருந்து விடுவாள்.

சின்னமுத்தை ஒழித்துவிட்டோமென்று 2019 இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றோம். 2023 இல் அது மீண்டும் தலைகாட்டிற்று. தம்பலகாமத்து விவசாயிக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. ஒருவன் வேலியிற் பொட்டு விட்டால், புகுந்த மாடு அவனுடைய வயலோடு நின்றுவிடுமா? நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பிள்ளைகளேனும் இருமுறை ஊசி பெற்றிருந்தாலன்றி இந்நோய்க்கு வேலியில்லை.

இங்கேதான் மொழி வருகின்றது. தமிழும் ஆட்சிமொழியென்று 1987 இல் பதின்மூன்றாந் திருத்தம் எழுதிற்று. எழுதியது ஏட்டில் இருக்கட்டும். மூதூரிலும் கிண்ணியாவிலும் வெருகலிலும் ஒரு தாய், "காய்ச்சல் எத்தனை நாள் இருக்கும்? வலிப்பு வந்தால் என் செய்வது?" என்று கேட்டால், அவளுக்குப் புரியும் சொல்லில் விடையிறுக்க மருத்துவமாது இருத்தல் வேண்டும். சிங்களத் தாய்க்குச் சிங்களத்திலும் அவ்வாறே. இதில் எமக்கு வேற்றுமையில்லை. தமிழறிந்த மருத்துவமாது இல்லாத பிரிவு ஒன்றேயாயினும், அந்நியமனத்தை நம் பிரதிநிதிகள் கேட்டுப் பெறுவாராக. பாலங்களுக்கு அடிக்கல் நாட்டுதல் போன்று இதிற் படம் எடுக்க இயலாதுதான்!

தந்தையரையும் விட்டுவிடுவதற்கில்லை. ஆறாம் வகுப்பு மாணவியருக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி 2017 முதல் போடப்படுகின்றது. வேண்டாமென்று மறிக்கும் குரல் பல வீடுகளில் தந்தையினதே. ஆகையால் வைத்தியர்களையும் ஆசிரியர்களையும் நாம் கேட்பது இது: கமக்காரர் கூட்டங்களிலும் மீனவர் சங்கங்களிலும் உரம், வலை, மண்ணெண்ணெய் பற்றிப் பேசி முடிந்தபின், அரைமணி நேரம் இவ்வூசிகளைப் பற்றிப் பேசுங்கள், கேள்வி கேட்க விடுங்கள். வரும் பெரும்போக விதைப்புக் கூட்டத்திலேயே தொடங்கலாம்.