வடம் பிடித்தவரின் பெயர் எங்கே?

நமது கிழக்குக் கரையோர நீரோட்டம் ஆண்டுக்கு இருமுறை திசை மாறும். பிப்ரவரி தொடங்கிப் பல மாதங்கள் வடக்கே ஓடுவது, வாடைக்காலத்தில் தெற்கே திரும்பும். என் அப்பா இதை 'நீவாடு' என்பார். எந்த நீவாட்டுக்கு எந்த வலை என்பது அவருக்குத் தெரியும். அதே நீரோட்டத்தை அளக்கும் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் இரண்டாண்டுகள் திட்ட உதவியாளனாக இருந்தேன்.

உப்பு, வெப்பம், ஆழம் மூன்றையும் அளக்கும் சி.டி.டி. கருவியைக் கடலில் இறக்குவது லேசான வேலையில்லை. படகு ஆடும்போது விலாவில் மோதினால் அவ்வளவுதான். அதன் வடத்தைப் பிடித்தவர் பக்கத்துக் குப்பத்து அண்ணன். பதினோரு வருடமாகத் தினக்கூலி. "இந்த ஓட்டத்தில் கருவி படகுக்கு அடியில் போயிடும் சார்" என்று அவர் சொன்னால், பேராசிரியர் மறுபேச்சின்றிப் படகைத் திருப்பச் சொல்வார். வெளிவந்த கட்டுரையில் ஏழு பெயர்கள். அவர் இல்லை. நன்றியுரையில் 'படகுப் பணியாளர்கள்', அவ்வளவே.

கேட்டேன். "அது உடலுழைப்பு தம்பி, ஆய்வு வேறு" என்றார்கள். கையையும் மூளையையும் இப்படிப் பிரித்தது கடலியலா, சாதியா?

சரி, மூளை வேலைக்காவது எங்களை விடுகிறார்களா? ஒன்றியக் கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் பணிகளில் இடஒதுக்கீட்டை உறுதிசெய்த 2019 சட்டமே, 'உயர்சிறப்பு' நிறுவனங்கள் என்றொரு பட்டியல் போட்டு அவற்றுக்கு விலக்களித்தது. தகுதி, திறமை பேசுகிறவர்கள் முதலில் தங்கள் ஆய்வுக்கூடத்தின் சாதிவாரிக் கணக்கை வெளியிடட்டும், பேராசிரியர் முதல் வடம் பிடிப்பவர் வரை.

போன மாதமும் அண்ணன்தான் கருவியை இறக்கினார். அடுத்த கட்டுரை தயாராகிறதாம்.