சொத்தை இல்லாத பல்லில் சீழ் ஏன்?

ஒரு சிறுவனின் கன்னம் வீங்கியிருந்தால் நாம் என்ன சொல்கிறோம்? "மிட்டாய் தின்றிருப்பான், பல் துலக்கியிருக்க மாட்டான்" என்கிறோம். பெரும்பாலும் அது சரியே. ஆனால் சொத்தையே இல்லாத பல்லின் அடியிலும் சீழ் கட்டுவதுண்டு. அந்தக் குழந்தையைக் கடிந்துகொள்வது அநியாயம். அதோடு, ஒரு நோயைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பையும் நாம் நழுவவிடுகிறோம்.

வெயிலுக்குப் பஞ்சமில்லாத கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு குழந்தையின் கால்கள் வில்போல் வளைந்தால், "சுண்ணாம்புச் சத்து போதவில்லை, வெயிலில் விளையாடட்டும்" என்பார்கள். வைட்டமின் டி குறைவால் வரும் ரிக்கெட்ஸுக்கு இது பொருந்தும். ஆனால் வழக்கமான அளவு வைட்டமின் டி கொடுத்தும் குணமாகாத ரிக்கெட்ஸ் ஒன்று உண்டு என்பதை, 1937இல் அமெரிக்க மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட்டும் அவருடைய குழுவினரும் விளக்கினர். இதற்குக் காரணமான மரபணு 1995இல் எக்ஸ் குரோமோசோமில் கண்டறியப்பட்டது.

அந்த மரபணு பழுதுபட்டால் சிறுநீரகம் உடலுக்கு வேண்டிய பாஸ்பேட்டைச் சிறுநீரோடு வெளியேற்றிவிடுகிறது. எலும்புக்கும் பல்லுக்கும் கால்சியம், பாஸ்பேட் இரண்டும் வேண்டும். செங்கல் இருந்தும் சாந்து இல்லாவிட்டால் சுவர் எழும்புமா? பல்லின் எனாமல் வெளியே நன்றாகத்தான் தெரியும். உள்ளே டென்டைன் கெட்டிப்படுவதில்லை. பற்கூழ் அறை பெரிதாகி எனாமல் வரை நீள்கிறது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியே கிருமி நுழைந்து சீழ் பிடிக்கிறது.

ஹைப்போபாஸ்பட்டேசியா என்பது இன்னோர் அரிய நோய். பால்பல் சுமார் 6 வயதில் வேர் கரைந்து விழுவதே இயல்பு. இந்த நோயிலோ, 5 வயதுக்கு முன்பே, வேர் கரையாமல் முழுப் பல்லாக விழுந்துவிடும்.

"இவ்வளவு அரிய நோய்க்கு இத்தனை கவலை எதற்கு?" என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். முதலில் சொன்ன நோய் ஏறத்தாழ 20,000 பிறப்புகளில் ஒருவருக்கு வருகிறது என்பது மதிப்பீடு. 2011 கணக்கெடுப்பின்படி தேனி மாவட்ட மக்கள்தொகை 12,45,899. அந்த மதிப்பீடு இங்கும் பொருந்துமானால் சுமார் 60 பேர்!

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழுவினர் பள்ளிகளுக்கு வந்து பரிசோதிக்கிறார்கள். அவர்களுடைய பட்டியலில் ரிக்கெட்ஸும் உண்டு, பல் நோய்களும் உண்டு, ஆனால் தனித்தனியாக. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே நமது கருத்து. வளைந்த காலும் சொத்தையில்லாச் சீழும் ஒரே குழந்தையிடம் காணப்பட்டால், க.விலக்கிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பி இரத்தத்தில் பாஸ்பேட் அளவைப் பார்க்கச் சொல்லலாம். பாஸ்பேட்டும் செயல்நிலை வைட்டமின் டி-யும் சிறு வயதிலேயே தொடங்கினால் எலும்பும் பல்லும் மேலும் உறுதி பெறுகின்றன. புதிதாக முளைக்கும் பற்களின் மேல் பல் மருத்துவர் பூச்சிட்டுக் கிருமியைத் தடுக்க முயலலாம். பல்லை அவசரப்பட்டுப் பிடுங்கவும் வேண்டாம்.

உங்கள் தம்பி தங்கைக்கு 4 வயதில் பல் விழுந்தால் கூரைமேல் எறிந்துவிடாதீர்கள். ஒரு தாளில் மடித்து மருத்துவரிடம் காட்டுங்கள். அதன் வேர் ஒரு செய்தி சொல்லக்கூடும்!