செய் என்ற ஒரு சொல் போதும்

2025 மே மாதம் சென்னையில் ஒரு திரைப்பட விழாவில், கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்று கமல்ஹாசன் சொன்னார். அதன்பின் நடந்த ரகளை எல்லோருக்கும் தெரியும். 'தக் லைஃப்' வெளியான நாளில் கர்நாடகத்தில் ஓடவில்லை. படத்தைத் தடுத்தது தப்பு, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வாலாஜாவில் என்னோடு காலையில் நடக்க வரும் நண்பர்கள் இன்றுவரை, "அவர் உண்மையைத்தானே சொன்னார்" என்கிறார்கள். அது உண்மை இல்லை ஐயா. தமிழ்த் துரோகி என்று திட்ட நினைப்பவர்கள் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

ஒரே ஒரு வினைச்சொல்லை எடுத்துக்கொள்வோம். செய். தெலுங்கில் சேயு. பழைய கன்னடத்தில் கெய். (இப்போது அவர்கள் 'மாடு' என்கிறார்கள், அது வேறு சொல்.) நம் செவி அவர்களுக்குக் கிவி. நம் சிவப்பு அவர்களுக்குக் கெம்பு. நம் வீட்டுப் பெண்கள் அட்டிகையில் பதித்துப் போட்டுக்கொள்ளும் கெம்புக்கல் அந்தக் கெம்புதான்.

தமிழ்தான் தாய், ச-தான் பழசு, கன்னடம் அதைக் க ஆக்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நம் 'சேர்' அங்கே 'கேர்' ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை, சேரு என்றுதான் இருக்கிறது. எந்த ச-வைக் க ஆக்குவது, எதை விட்டுவிடுவது என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? விடை எளிது. ஆதியில் ஒன்று க, இன்னொன்று ச. இ, எ என்ற உயிர்களுக்கு முன்னால் இருந்த க-வை நாம்தான் ச ஆக்கி, இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டோம். கன்னடம் பிரித்தே வைத்திருக்கிறது. கல், கொல், குடி போன்றவற்றில் அந்த உயிர்கள் இல்லை, அதனால் இரண்டு மொழியிலும் க அப்படியே நிற்கிறது. கேள், கெடு, கிழி என்று நீங்கள் மடக்குவீர்கள் என்று தெரியும். பின்னால் ட, ள, ழ என்று நாக்கை மடித்துச் சொல்லும் எழுத்து வந்தால் க மாறாது.

சந்தேகம் இருந்தால் கோண்டியைப் பாருங்கள். மத்திய இந்தியக் காடுகளில் கோண்டு மக்கள் 'செய்' என்பதற்குச் சொல்வது 'கீ'. ஒடிசாவின் குயி மொழியில் 'கி' என்று தொடங்குகிறது. அவர்களும் தமிழிடம் கடன் வாங்கினார்களா?

க இப்படி ச ஆவது உலகத்தில் நமக்கு மட்டும் நடந்ததும் இல்லை. மோவாய்க்கு ஜெர்மன்காரன் 'கின்' என்கிறான், ஆங்கிலேயன் 'சின்' என்கிறான். மெல்வதற்கு அங்கே 'கௌவென்', இங்கே 'ச்சூ'. மாறியது ஆங்கிலம். அதற்காக ஜெர்மனை ஆங்கிலத்தின் மகள் என்று லண்டனில் யாரும் மார்தட்டுவதில்லை.

இதனால் தமிழுக்கு என்ன குறைந்துவிட்டது? போ என்பதை அவர்கள் ஹோகு ஆக்கினார்கள், பாடு என்பதை ஹாடு ஆக்கினார்கள். அங்கே பழையதைக் காத்தது நாம். ழ-வையும் அவர்கள் விட்டுவிட்டார்கள், நாம் வைத்திருக்கிறோம். (நம்மிலும் எத்தனை பேர் வாழைப்பழத்தை ஒழுங்காகச் சொல்கிறார்கள் என்பது தனிக் கதை.) எழுத்தில் நமக்குக் கிடைப்பவை கன்னடத்தின் ஹல்மிடிக் கல்வெட்டுக்குப் பல நூற்றாண்டு முந்தியவை. அதனால் மூத்தவள் என்று சொல்லிக்கொள்ளுங்கள், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். அக்காவை அம்மா என்றால்தான் வருவார்கள்.

இது நேற்று முளைத்த கருத்தும் இல்லை. சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் 1816-லேயே இவை ஒரே குடும்பம் என்று காட்டிவிட்டார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வந்தது 1856-ல். பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியின் 1984-ஆம் ஆண்டுப் பதிப்பில் 5,500-க்கு மேல் பதிவுகள் உள்ளன. தமிழில் சொல் இருந்தால் அதைத்தான் முதலில் வைத்திருக்கிறார்கள். வரிசையில் அந்த மரியாதை நமக்கு உண்டு. ஆனால் அதைத் தாய் என்று அவர்கள் எங்கும் எழுதவில்லை.

நேற்று ஒரு நண்பர், நம் 'கொல்'தான் ஆங்கிலத்தில் 'கில்' ஆனது என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். இடைக்கால ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு முதலில் 'அடி' என்றுதான் பொருள் என்று பதில் போட்டேன். இன்று காலை அவர் நடக்க வரவில்லை.