முற்றம் மேடு பள்ளமா? பெக்கோவைக் கூப்பிட முதல் இதை வாசியுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரும். வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் இப்போது ஒரு பழக்கம். முற்றத்துப் புல் மேடு பள்ளமாக இருந்தால் உடனே பெக்கோ. புல்லையும் மேல்மண்ணையும் சுரண்டி ட்ரெக்டரில் ஏற்றிவிட்டு, ரோலரால் இறுக்கி, இன்டர்லொக் கல் பதித்துவிடுகிறோம். பெருநாளைக்கு முன் முடிந்தால் சரி.

நானும் செய்தேன். மகன் விளையாடும்போது பள்ளத்தில் கால் பிரண்டு விழுந்தான். அந்தக் கோபத்தில் முழு முற்றத்துக்கும் கல் போட்டேன். ஒக்டோபர் மழையில் தண்ணீர் நேராகக் கீழ் வீட்டுக் குசினிக்குள் போனது. அங்கே வயதான உம்மா ஒருவர் வாளியால் இறைத்துக்கொண்டிருந்தார். "பரவாயில்ல மகன், மழைதானே" என்றார். மழை அதற்கு முன்னும் பெய்ததுதான். குசினிக்குள் வந்ததில்லை.

பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற நான், இந்தக் கணக்கைப் பிறகுதான் போட்டுப் பார்த்தேன். 5 பேர்ச் முற்றம் ஏறத்தாழ 126 சதுர மீற்றர். 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் அதில் விழுவது 6,300 லீற்றர். ஆயிரம் லீற்றர் தாங்கி ஆறுக்கு மேல்! புல்லும் மேல்மண்ணும் இருந்தால் அதில் நல்ல பங்கை மண் குடிக்கும், மீதியும் மெதுவாகப் போகும். இறுக்கிய தரையில் கல் இடுக்கால் இறங்குவது சொற்பம். மற்றதெல்லாம் கீழே இருப்பவருக்கு.

நாம் இருப்பது சரிவில். மீரியபெத்தயில் 2014 ஒக்டோபர் 29 அன்று நடந்ததை மறந்துவிட்டோமா? மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கை வந்தால் பயப்படுகிறோம். ஆனால் நம் முற்றத்துத் தண்ணீர் யாருடைய மதிலுக்குப் பின்னால் போய் நிற்கிறது என்று பார்ப்பதில்லை. அண்டை வீட்டாரின் உரிமை பற்றி ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருப்போம்? அது சோறு கொடுப்பதோடு முடிந்துவிடுமா?

"புல் என்றால் சேறு, அட்டை, யார் வெட்டுவது?" என்பீர்கள். கட்டையாக வெட்டிய புல்லில் அட்டைத் தொல்லை குறைவு. வாகனம் ஏற வேண்டுமானால் டயர் போகும் இரண்டு தடத்துக்கு மட்டும் கல் போடுங்கள்.

மட்டப்படுத்துவது கஷ்டமும் இல்லை. முதலில் பள்ளம் ஏன் விழுந்தது என்று பாருங்கள். குழாய் ஒழுகலாம், பழைய மரவேர் உக்கியிருக்கலாம், வீடு கட்டும்போது நிரப்பிய மண் இறங்கியிருக்கலாம். ஏப்ரல் மழை விழுந்து புல் துளிர்க்கும்போது கட்டையாக வெட்டுங்கள். முற்றத்து மண்ணையே சலித்து, மணலும் நன்றாக உக்கிய கூட்டெருவும் கலந்து, பள்ளங்களில் ஒரு சென்ரிமீற்றர் அளவு மட்டும் போட்டுப் பலகையால் இழுத்துவிடுங்கள். புல் நுனி வெளியே தெரிய வேண்டும், மூடிவிட்டால் செத்துவிடும். ஒரு சதுர மீற்றருக்கு 10 லீற்றர் மண் போதும். புல் மேலே வந்ததும் அடுத்த தட்டு. ஆழமான குழி என்றால் மண்வெட்டியால் புல்லை வேரோடு பாளமாகத் தூக்கி, அடியில் மண் நிரப்பித் திரும்ப வையுங்கள். மேடு என்றால் அதேபோல் தூக்கி, அடியில் மண்ணை எடுங்கள். ஈரத்தில் ரோலர் உருட்டாதீர்கள். மேடு குறையாது, மண்தான் இறுகும்.

இதற்கு ஒரு பருவமாவது பொறுமை வேண்டும். பெக்கோவுக்கு ஒரு நாள் போதும். நாம் அவசரத்துக்குத்தான் காசு கொடுக்கிறோம்.

நான் பாதி முற்றத்துக் கல்லைக் கிளப்பிவிட்டேன். புல் இன்னும் முழுதாகப் பிடிக்கவில்லை, பார்க்க அழகாகவும் இல்லை. வீட்டில் இன்னும் ஏச்சு விழுகிறது.

கல் பதிக்க நினைத்திருக்கும் நானாமார், தாத்தாமார் ஒன்று செய்யுங்கள். மேசனுக்கு முற்பணம் கொடுக்க முதல், கீழ் வீட்டுக் கதவைத் தட்டி, "எங்கட முற்றத்துத் தண்ணி உங்கட பக்கம் வருதா?" என்று கேளுங்கள். அவர்கள் "பரவாயில்ல" என்று சொன்னாலும், குசினித் தரையை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.