காது கொடுத்த பிறகு

2024 ஜனவரியில் நியூராலிங்க் நிறுவனம் ஒரு மனிதரின் மூளையில் சில்லைப் பொருத்தியபோது ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்தது. நரம்போடு நேரடியாகப் பேசும் கருவி ஏழைத் தொழிலாளியின் வீட்டுக்குள் வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டதை நாம் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. காக்ளியர் இம்பிளான்ட்தான் அந்தக் கருவி. 1978-ல் மெல்போர்னில் கிரேம் கிளார்க், தாம் உருவாக்கிய பல மின்முனைக் கருவியைக் காது கேளாத ஒருவருக்குப் பொருத்தினார். தமிழ்நாட்டில் இன்று முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே இந்தச் சிகிச்சை கிடைக்கிறது. கேரள அரசு 2012-ல் தொடங்கிய சுருதிதரங்கம் திட்டம், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இதை இலவசமாக்கியது.

ஆகவே கேரளத்தின் தேயிலைத் தோட்டப் பகுதியான எங்கள் பீர்மேட்டில், தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் பிறக்கும் காது கேளாத குழந்தைக்கும் இந்த வழி திறந்திருக்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் ஆண்டுகளை யார் சுமப்பது என்பதில்தான் என் கவலை.

காதுக்குப் பின்னால் மாட்டும் பிராசசர் ஒலியை வாங்கி, தோலுக்கு மேல் காந்தத்தால் ஒட்டி நிற்கும் சுருள் வழியாக உள்ளே அனுப்புகிறது. உள்ளிருக்கும் மின்முனைகள் செவிநரம்பைத் தூண்டுகின்றன. தையல் ஆறிச் சில வாரங்கள் கழித்துத்தான் கருவியை இயக்குவார்கள். அன்றைக்குக் குழந்தைக்குக் கேட்பது வெறும் சத்தம். அம்மா கூப்பிடுகிறாள் என்று அது அறிய மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும், மருத்துவமனைக்குப் போய்ப் பலமுறை கருவியின் அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும். மூளை ஒலியைப் பழகிக்கொள்ளும் காலமும் குறைவு. பிறந்த ஒரு மாதத்தில் பரிசோதனை, மூன்று மாதத்தில் நோயறிதல், ஆறு மாதத்தில் சிகிச்சைத் தொடக்கம் என்று மருத்துவர்கள் வலியுறுத்துவது அதனால்தான்.

பீர்மேட்டில் இதற்கென்றே சில தொல்லைகள் உண்டு. ஆனி, ஆடியில் துணி காயாது, சுவரெல்லாம் ஈரம். பிராசசருக்கு ஈரம்தான் பெரும் பகை. தினமும் இரவில் அதை உலர்பெட்டியில் வைத்தாக வேண்டும். காற்றுமழையில் மரம் விழுந்து மின்சாரம் போனால் சார்ஜ் ஏற்றும் பேட்டரி செத்துவிடும். பேட்டரி தீர்ந்த நாளில் அந்தக் குழந்தைக்கு மறுபடி எதுவும் கேட்காது.

அடுத்தது மொழி. இங்கே வீட்டில் பேசுவது தமிழ். கோட்டயம் மருத்துவக் கல்லூரிப் பக்கம் பயிற்சிக்குப் போனால் அங்கே மலையாளம். கேட்டுப் பேசும் பயிற்சியோ, வீட்டில் நாள் முழுக்கக் காதில் விழும் மொழியில் நடந்தால்தான் பலிக்கும். பீர்மேடு, தேவிகுளம் வட்டங்களில் தமிழ்வழிப் பள்ளிகள் நடத்த முடிகிற அரசுக்கு, தமிழ் தெரிந்த ஒரு பேச்சுப் பயிற்சியாளரை வண்டிப்பெரியாறுக்கோ ஏலப்பாறைக்கோ குறிப்பிட்ட நாட்களில் அனுப்புவது முடியாத காரியமா? குமுளியைத் தாண்டினால் தேனி மாவட்டம். கேரள, தமிழக அரசுகள் இரண்டும் பேசி முடிவெடுத்தால், அந்தப் பக்கத்துப் பயிற்சியாளரிடம் இந்தப் பக்கத்துக் குழந்தை போய்வரலாம். தண்ணீருக்காக இவ்வளவு காலம் வழக்காடிய இரு மாநிலங்கள், ஒரு குழந்தையின் பேச்சுக்காக ஒரு மேசையில் உட்கார முடியும் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

தாய் விடிந்ததும் கொழுந்தெடுக்கப் போய்விடுகிறாள். பகல் முழுக்கக் குழந்தை, பிள்ளைமடுவம் எனும் தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்திலோ அங்கன்வாடியிலோ இருக்கிறது. ஆகவே கருவியைக் கவனிப்பதும் அங்கே நடக்க வேண்டும். ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளை, வாயசைவு தெரியாமல் சொல்லிப் பார்த்தால் கருவி வேலை செய்கிறதா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். டேனியல் லிங் வகுத்த சோதனை இது. ஆயாவும் ஆசிரியையும் ஒரு மதியத்தில் கற்றுக்கொள்ளலாம். 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவத்தையும் பிள்ளைமடுவத்தையும் நிர்வாகத்தின் கடமையாக்கியிருந்தது. ஆனால் 2000-க்குப் பிறகு இங்கே பல தோட்டங்கள் கைவிடப்பட்டன. நிர்வாகமே இல்லாத லயத்தில் அந்தக் கடமையை ஊராட்சிதான் ஏற்க வேண்டும். போனஸுக்கும் கூலிக்கும் போராடும் தொழிற்சங்கங்கள், பயிற்சிக்குப் போகும் நாளுக்குத் தாய்க்குச் சம்பளத்தோடு விடுப்பையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கட்டும். அரை நாள் கூலி போனாலே அடுத்த வாரம் பயிற்சி நின்றுவிடும்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023-ல் பிராசசர் பழுதாகியும் பழைய மாடலுக்கு உதிரிபாகம் கிடைக்காமலும் கேரளத்துப் பெற்றோர் பலர் தவித்தார்கள். அந்த ஆண்டில்தான் சுருதிதரங்கம் திட்டப் பொறுப்பு மாநில சுகாதார முகமைக்குக் கைமாறியது. ஒரு முறை கருவி கொடுப்பதற்கு மட்டும் நிதி ஒதுக்கினால் போதாது. அந்தப் பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போகும்வரை கேபிள், பேட்டரி, மாற்றுப் பிராசசர் எல்லாம் அதே கணக்கில் வர வேண்டும்.

எல்லாக் குழந்தைக்கும் இந்தக் கருவி பொருந்தாது, தாமதமாகக் கண்டறிந்தால் பலனும் குறையும். சைகைமொழியும் முழுமையான மொழிதான். அதைக் கற்கும் பிள்ளையின் பெற்றோரை அக்கம்பக்கத்தார் குற்றவாளிபோல் பார்ப்பது கொடுமை.

முதலில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பீர்மேடு வட்டத்தில் இந்தக் கருவி பொருத்திய குழந்தைகள் எத்தனை பேர், எந்த லயம், எந்தப் பள்ளி, பிராசசர் எப்போது வாங்கியது என்ற பதிவேட்டை ஆஷா பணியாளர்கள் உதவியோடு ஊராட்சிகள் எடுக்கட்டும். அடுத்த மழைக்கு முன்பே அந்த வீடுகளுக்கு ஓர் உலர்பெட்டியும் மாற்றுப் பேட்டரியும் போய்ச் சேரட்டும்.