செத்த ஜீன் சொல்லும் உண்மை



குட்டைத் தண்ணியில் வாழும் பாரமீசியத்தைப் படத்தில் பார்த்திருப்பீங்க. செருப்பு மாதிரி இருக்கும், ஒரே ஒரு செல்தான். ஆனால் 2006-ல் விஞ்ஞானிகள் அதன் மரபணுக்களை, அதாவது ஜீன்களை, எண்ணிப் பார்த்தால் சுமார் 40,000! மனிதருக்கே சுமார் 20,000 தான்.

எப்படி வந்தது இவ்வளவு? பழங்காலத்தில் அதன் ஜீன்கள் மொத்தமும் குறைந்தது மூன்று தடவை அப்படியே இரட்டிப்பாகி இருக்கு. ஒரே ஜீன் இரண்டு இருந்தால் ஒன்று வேலை செய்யும். இன்னொன்று நம்ம ஒரகடம் ரோட்டில் போற லாரியின் ஸ்டெப்னி மாதிரி. ஸ்டெப்னி பஞ்சர் ஆனாலும் வண்டி ஓடும். அப்படிப் பழுதாகிச் சும்மா கிடப்பதுதான் போலி ஜீன். நாளடைவில் அது அழிந்தும் போகும். கடைசி இரட்டிப்பில் வந்த ஜோடிகளில் சுமார் பாதியில் ஒன்று இப்படித்தான் போயிடுச்சு.

"செத்த ஜீனைப் படிச்சு என்ன லாபம்?" என்று கேட்கலாம். லாபம் உண்டு என்பது என் கருத்து. அதுக்கு சாட்சி இன்னொரு ஒரு செல் உயிர், தொழுநோய் பாக்டீரியா. தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடம் எடுத்த கிருமியின் ஜீன்களை 2001-ல் முழுசா படித்தார்கள். வேலை செய்யும் ஜீன் 1,604. போலி ஜீன் 1,116! இங்கே ஸ்டெப்னி இல்லை, ஓடுற டயரே பஞ்சர். மனித உடம்புக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகியதால் பல ஜீன்கள் தேவைப்படாமல் கெட்டுப்போச்சு. அதனால் ஆய்வுக்கூடத் தட்டில் அதை வளர்க்கவே முடியாது. உடம்புக்குள்ளும் ஒன்று இரண்டாக சுமார் 2 வாரம் ஆகும்.

இப்படிப்பட்ட கிருமியால் வரும் நோயைப் போய் "சாபம், போன ஜென்மத்துப் பாவம்" என்று சொல்வது நியாயமா? தனித் தட்டு, தனி டம்ளர் வைப்பது நியாயமா? அதிலும் பொண்ணுங்களுக்குத் தேமல் வந்தால் "வெளியே சொல்லாதே, கல்யாணம் ஆகாது" என்று மறைக்கிறாங்க. மறைக்க மறைக்க நரம்பு கெட்டு, கை கால் ஊனமாகும். அதுதான் உண்மையான ஆபத்து.

உணர்ச்சி இல்லாத தேமல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உடனே காட்டுங்க. மாத்திரை இலவசம். 6 மாதமோ 12 மாதமோ விடாமல் சாப்பிட்டால் குணமாகும். பக்கத்து செங்கல்பட்டில், திருமணியில், இந்த நோய்க்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கு.

நோயை விரட்டுவோம்! நோயாளியை அணைப்போம்!

— 9-ஆம் வகுப்பு மாணவி,
ஒரகடம்.