பின்னால் இருக்கிறவள்

கச்சேரிக்குப் போகிறோம். யாரைப் பார்க்கிறோம்? பாடுகிறவரைப் பார்க்கிறோம், அவர் கட்டியிருக்கும் புடவையைப் பார்க்கிறோம், பிடில்காரரையும் மிருதங்கக்காரரையும் பார்க்கிறோம். பின்னால் உட்கார்ந்து தம்புரா மீட்டுகிறாளே, அந்தப் பெண்ணை நீங்கள் கவனித்ததுண்டா? ஐந்து நிமிஷம் அவள் கை ஓயட்டும். அப்போது தெரியும் சங்கதி!

மேல்நாட்டு 'ராக்' சங்கீதத்தில், தம்புராவின் வேலையையும் மிருதங்கத் தொப்பியின் வேலையையும் சேர்த்துச் செய்கிற வாத்தியம் ஒன்று உண்டு. 'பேஸ் கிதார்' என்று பெயர். நாலே தந்திகள், சாதாரணக் கிதாரைவிட ஒரு ஸ்தாயி கீழே பேசும். முன்பெல்லாம் இந்த வேலைக்கு ஆள் உயரத்துக்கு ஒரு ராட்சசப் பிடிலை நிறுத்தி வைத்து மீட்டுவார்கள். அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது லேசான காரியமா? 1951-ல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் என்பவர் தோளில் மாட்டிக்கொண்டு வாசிக்கும்படியான மின்சார பேஸ் கிதாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். வீணையைப் போல் அதிலும் மெட்டுக்கள் உண்டு. ஆகவே சுருதி பிசகுமோ என்ற கவலை இல்லை.

இந்த வாத்தியத்தை வாசித்த கரோல் கே என்ற அம்மணியைப் பற்றித்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்தேன்.

1935-ல் அமெரிக்காவில் பிறந்தவர். தாய் தந்தை இருவரும் சங்கீதக்காரர்கள், வீட்டிலோ வறுமை. 13 வயதில் கிதார் கைக்கு வந்தது. 14 வயதில் பிறருக்குச் சொல்லிக் கொடுத்துச் சம்பாதிக்கத் தொடங்கிவிட்டார்! பிறகு பகலில் டைப் அடிக்கும் உத்தியோகம். இரவில் லாஸ் ஏஞ்சல்ஸ் கிளப்புகளில் ஜாஸ் வாசிப்பு. குழந்தைகளும் தாயாரும் அவர் சம்பாத்தியத்தை நம்பி இருந்தார்கள்.

1957 இறுதியில் இசைத்தட்டுப் பதிவுக்கு அழைப்பு வந்தது. ஜாஸ்காரர்களுக்கு இந்த வேலை என்றால் இளப்பம். கரோலும் சற்றுத் தயங்கினார். ஆனால் மூன்று மணி நேரப் பதிவுக்குக் கைநிறையக் கூலி. வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? போனார்.

1963-ல் ஒரு நாள், பேஸ் வாசிக்க வேண்டியவர் பதிவுக்கு வரவில்லை. "நீங்கள் வாசியுங்களேன்" என்றார்கள். வாசித்தார், அதன் பின் அதை விடவில்லை. ஒரு பதிவுக்கு மூன்று நாலு கிதார்களைச் சுமந்து திரிந்தவருக்கு, இப்போது ஒன்று போதும்! தந்திகளின் மேல் ஒரு துண்டுக் கம்பளியை வைத்து அநாவசிய ரீங்காரத்தை அடக்கினார். நாதம் கணீரென்று நின்றது.

பீச் பாய்ஸ் கோஷ்டியின் 'பெட் சவுண்ட்ஸ்' இசைத்தட்டு 1966-ல் வந்தது. உறையில் கோஷ்டியின் படம் இருந்தது. உள்ளே பல பாட்டுக்களில் பேஸ் வாசித்த கரோலின் பெயர் இல்லை. 'மிஷன் இம்பாசிபிள்' தொடரின் முகப்பு இசையைக் கேட்டிருப்பீர்கள். நம் கண்ட நடைபோல் ஐந்தைந்தாக எண்ணிப் போகும் அந்த இசையிலும் பேஸ் அவருடையதுதான். அவர் வாசித்த பதிவுகள் 10,000 இருக்கும் என்கிறார்கள். கேட்டவர்கள் கோடிக்கணக்கானவர்கள், பெயர் தெரிந்தவர்களோ சொற்பம். 1969-ல் பேஸ் கற்பிக்கும் புத்தகம் ஒன்றும் எழுதினார். அதைப் பார்த்துப் பழகியவர்கள் எத்தனையோ பேர்.

கடைசியில், 2025-ல், ராக் சங்கீதக்காரர்களுக்கான 'ஹால் ஆஃப் ஃபேம்' கௌரவத்துக்கு அவர் பெயரை அறிவித்தார்கள். வயது தொண்ணூறு. தடபுடலாக விழா நடக்கும். ஓடிப் போய் வாங்கிக்கொள்வார் என்றுதானே நினைப்பீர்கள்? வேண்டாம் என்று மறுத்துவிட்டார்! பதிவுக்கூடத்தில் வாசித்தவர்கள் பலரும் சேர்ந்து உழைத்த உழைப்பு அது. தனியாக ஒருத்தி தலையில் மகுடம் வைப்பது சரியல்ல என்பது அவர் கட்சி.

அந்த மறுப்பு சரியா, தப்பா? எனக்கே இரண்டு மனமாக இருக்கிறது. அறுபது வருஷம் தாமதித்து வந்த மரியாதையை வாங்கிக்கொண்டிருக்கலாமே என்று ஒரு மனம். பெயருக்காகவா அந்த அம்மாள் வாசித்தாள், பிள்ளைகளுக்காக அல்லவா என்று இன்னொரு மனம்.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? பதில் சொல்லுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். இன்றிரவு ஏதாவது ஒரு பாட்டைப் போட்டு, பாடுகிறவரை விட்டுவிட்டு, அடியில் போகும் அந்தக் கனத்த நாதத்தை மட்டும் பின்தொடருங்கள். அப்படியே, சமையலறையில் சத்தமில்லாமல் பாத்திரம் ஒழித்துக்கொண்டிருப்பது யார் என்றும் ஒரு தரம் எட்டிப் பாருங்கள்.